லிஃப்ட் பார்க்க வந்தவள்

மார்ச் 9
பெண்கள் பிரிவு, மூன்றாம் மாடி

அன்புள்ள சுண்டு,

நான் நலமா இல்லையா என்பதை இங்கே என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்கிறார்கள். அதனால் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரிக்கு முதுகு வலி தேவலையா?

போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். இப்போதைக்குக் கடிதம் மட்டும்தான். உறையை ஒட்டாமல் தர வேண்டுமா என்று கேட்டேன். "ஒட்டியே குடுங்க, நாங்க படிக்க மாட்டோம்" என்றார்கள். அதனால் மனசு விட்டு எழுதலாம்.

என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று டாக்டரம்மா தினமும் கேட்கிறார். நன்றாகவே இருக்கிறது. எட்டு மணி நேரம் ரயிலில் ஊரிலிருந்து வந்தவன், திங்கட்கிழமை காலை என் வீட்டு வாசலில் நின்றாய். "அக்கா, ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் கரகரன்னு சத்தம் போடுதாம். உன்னைத்தான் வந்து பாக்கச் சொல்றாங்க" என்றாய். பல் செட் செய்து கொடுக்கிறவனிடம் எந்த ஆஸ்பத்திரிக்காரன் லிஃப்டைப் பற்றிச் சொன்னான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பதினெட்டு வருஷமாக லிஃப்ட் சோதனை செய்கிறவள், கூப்பிட்டால் போவேன். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். லிஃப்டில் ஏறியதும் கண்ணை மூடிச் சத்தம் கேட்டேன். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. நாலு எட்டு நடந்ததும் பின்னால் ஒரு கதவு பூட்டிக்கொண்டது. திரும்பினால் நீ அந்தப் பக்கம் நிற்கிறாய்.

ஒரே ஒரு கேள்வி. என்னைச் சேர்க்கச் சொல்லி யார் கையெழுத்துப் போட்டது? என் மேலதிகாரியா, என் கூட வேலை செய்யும் ஆயில் அண்ணனா, நீயா? டாக்டரம்மாவைக் கேட்டால், "போட்டவங்களே உங்ககிட்ட சொன்னா நல்லதும்மா" என்கிறார். சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அவளுக்கு முதுகு வலி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? தூக்கத்தைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே.

இங்கே வேலை நெருக்குகிறது. போன வாரம் ஒரு பெரியவர் பல் செட் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே திரும்பி வந்து, "தம்பி, நான் சிரிச்சா இது முதல்ல சிரிக்குது" என்றார். கால் மில்லிமீட்டர்தான் தப்பு. உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தேன். நீ இருந்திருந்தால் ஒரு மாதம் இதைச் சொல்லியே என்னை ஓட்டியிருப்பாய்.

ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் டாக்டர்கள் பார்த்து முடிவு செய்ததுதான். அவர்களுக்கென்று விதிமுறை இருக்கிறது. நீ அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் ஓய்வு எடு. உன் கருவிப் பெட்டி பத்திரமாக ஆயில் அண்ணனிடம் இருக்கிறது.

சீக்கிரம் குணமாகி வர வேண்டும்.
உன் தம்பி


மார்ச் 22

அன்புள்ள சுண்டு,

சாப்பிடுகிறேன். மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது. நாக்கு மட்டும் அட்டை மாதிரி இருக்கிறது. உன் பெரியவரை நினைத்து நிஜமாகவே சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரி பயந்து போய் மணியை அடித்துவிட்டாள். இங்கே தனியாகச் சிரித்தால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

இங்கே ஒரு ஹெட் சிஸ்டர் இருக்கிறார். இடுப்பில் பதினேழு சாவி. நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. எல்லா அறைக்கும் சாவி வைத்திருக்கிறவர், எந்த அறைக்குள்ளும் தட்டாமல் வர மாட்டார். தட்டிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டு நிற்பார். ஒருநாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் படுத்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தால், மருந்துத் தட்டோடு அங்கேயே நிற்கிறார்! "நான் திறக்காமலே இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன். "உயிருக்கு ஆபத்துன்னு தோணினா தட்டாம வருவேன். அப்புறம் உங்க முன்னாடி உக்காந்து, ஏன் வந்தேன்னு சொல்லுவேன். கோபப்பட்டா வாங்கிக்குவேன்" என்றார். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது.

இன்னொரு விஷயம். நீ புளுகினாயே, அந்த லிஃப்டில் உண்மையாகவே கோளாறு இருக்கிறது. கரகர சத்தமெல்லாம் இல்லை. கதவு மூடும்போது குறுக்கே ஆள் இருப்பதைப் பார்க்கும் சென்சார் செத்துப் போயிருக்கிறது. வந்த அன்றே தோளில் இடித்தது. எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் இருக்கிற ஆள், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சிரித்தபடி வாங்கி மேசைக்கு அடியில் போட்டான். பைத்தியம் சொல்கிறதை யார் கேட்பார்கள்? சாவிக்கொத்துதான் அதைத் தேடி எடுத்து, என் பெயர், என் வேலை, எத்தனை வருஷ அனுபவம் எல்லாம் மேலே எழுதி அனுப்பினார். மெக்கானிக் வந்தான். நான் சொன்னது சரிதான் என்றான். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஆபத்தான லிஃப்டை நிறுத்தி நான் சீல் வைப்பதை நீ பார்த்திருக்கிறாய். சீல் நம்பர் போட்டால் போதும் என்பது ஆபீஸ் விதி. நான் பலகையில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதித் தொங்கவிடுவேன். எட்டாவது மாடியில் முட்டி வலியோடு மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். ஒரு தடவைகூட நான் போனை எடுக்காமல் இருந்ததில்லை. ஒருத்தர் வழியை அடைக்கிறோம் என்றால் அடைத்தது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

என் கதவில் யார் பெயரும் தொங்கவில்லை, சுண்டு. இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை அதிகம், அதனால் தாமதம். இத்துடன் இரண்டு ஜோடி சாக்ஸ், சோப்பு, நீ கேட்காத ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம். லிஃப்ட் விஷயம் படித்து அவளும் நானும் பெருமைப்பட்டோம். கட்டிலில் படுத்துக்கொண்டே ஒரு லிஃப்டைச் சரி பண்ண உன்னால்தான் முடியும்.

அந்தப் படிவத்தில் நிறைய கையெழுத்து இருந்தது அக்கா. எது யாருடையது என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.
தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள சுண்டு,

சாக்ஸ் அளவாக இருக்கிறது. சளிதான் பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி?

விருப்பமில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் வெளியே விடச் சொல்லி முறையிடலாம். சாவிக்கொத்துதான் அதைச் சொல்லி, மனு எழுதவும் உட்கார்ந்து உதவினார். அந்த அம்மாவுக்கு நான் இன்னும் இரண்டு வாரம் இருப்பதுதான் நல்லது என்று தோன்றியதாம். அதை என்னிடமே சொல்லிவிட்டுத்தான் எழுத உதவினார். நேற்று மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். வெளி டாக்டர் ஒருவர், ஒரு வக்கீல் அம்மா, பொதுமக்கள் சார்பில் ஒரு தையல் கடைக்காரர். நானும் தலை வாரிக்கொண்டு, பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு போனேன். முதல் இருபது நிமிஷம் நான் பேசியதைக் கேட்டால் நீயே என்னை விட்டிருப்பாய்.

கடைசியில் தையல் கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வெளிய போனதும் முதல்ல எங்கம்மா போவீங்க?" நான் லிஃப்ட் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்த அந்தப் பதினாறு மாடிக் கட்டிடத்துக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வாரம் நீட்டித்தார்கள். தோற்றதில் வருத்தம்தான். ஆனால் மூன்று பேரும் நான் பேசி முடிக்கும் வரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தோற்றாலும் மனுஷியாகத் தோற்றேன்.

இப்போது எல்லாம் தெளிவாக நினைவு வருகிறது. எட்டு நாள் தூங்காதது, நாலே நாளில் பத்தொன்பது கட்டிடத்து லிஃப்டுகளுக்கு சீல் வைத்தது, பெட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. கேபிள்கள் என்னிடம் பேசின, சுண்டு. எவ்வளவு அழகாகப் பேசின தெரியுமா? அது நோய் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் மனசு அந்தக் குரலைத் தேடுகிறது.

விசாரணைக்கு முன் என் கோப்பை என்னிடமே படிக்கக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன். இனி அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நேராகவே எழுதுகிறேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன். நினைவில்லை என்று எழுதியதும் பொய். அன்றிலிருந்து மறக்கவே இல்லை.

ஆயில் அண்ணன் போனில் அழுதார். அந்தக் கரடுமுரடான மனுஷன் அழுது நான் கேட்டதில்லை. "தம்பி, பெட்டி மேல உக்காந்து ஓட்டிக்கிட்டே இருக்கு. பெல்ட்டு கொக்கிய மாட்ட மாட்டேங்குது. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீ வா" என்றார். வந்தேன். பத்தாம் மாடிக் கதவு வழியாக உன்னைப் பார்த்தேன். நீ மேலே போனாய், கீழே வந்தாய், மறுபடியும் மேலே போனாய். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக் கையசைத்தாய். உன் இடுப்புக் கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மறந்தால் ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்கிறவள் நீ. பசித்தபோதுதான் இறங்கினாய்.

அன்றைக்கே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். "அவங்ககிட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வரணும். வரமாட்டேன்னா நாங்க வீட்டுக்கு வர்றோம்" என்று அவர் தெளிவாகச் சொன்னார். எனக்குத்தான் தைரியம் இல்லை. "ஆஸ்பத்திரிக்கு வா" என்று சொன்னால் நீ என்னைப் பார்க்கும் பார்வையை நினைத்துப் பார்த்தேன். அதைவிடப் பொய் சுலபமாக இருந்தது. எந்தப் பொய்க்கு நீ மறுபேச்சுப் பேசாமல் வருவாய் என்று உடன்பிறந்தவனுக்குத் தெரியாதா? உன் வேலையைத் தூண்டிலில் கோர்த்துவிட்டேன். நீ கருவிப் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, "அங்க டீ நல்லா இருக்குமாடா?" என்று கேட்டபடி ஆட்டோவில் ஏறினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கையெழுத்துக்காக நான் வருந்தவில்லை. மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடியும் போடுவேன். பொய்க்காக வருந்துகிறேன். அதற்குப் பிறகு உன் கேள்விக்கு சாக்ஸ் அனுப்பியதற்காக அதைவிட வருந்துகிறேன்.

நீ பதில் எழுத வேண்டியதில்லை.
தம்பி


ஜூன் 14
வீடு

அன்புள்ள சுண்டு,

ஆறு வாரம் உன்னைத் தவிக்கவிட்டேன். வேண்டுமென்றேதான். நான் நலம். வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. பாதி நாள் வேலை. ஆயில் அண்ணன் என் கொக்கியை மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் மேலே ஏறவிடுகிறார். உன் கடிதங்கள் நின்றதால் உனக்கு என்னவோ ஏதோ என்று அவரிடம் விசாரித்துக்கொண்டேன். நீ கறுத்து இளைத்துவிட்டதாகச் சொன்னார். நன்றாக வேண்டும் உனக்கு.

போன் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். போனில் நீ மழுப்பினால் கண்டுபிடிக்க முடியாது.

நீ போட்ட கையெழுத்து சரிதான். அந்த வாரம் நீ போடாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த ஜூன் மாதமே கிடையாது. மூளைக்குத் தெரிகிறது. நன்றி சொல்ல நாக்கு வரமாட்டேன் என்கிறது. வரும்போது சொல்கிறேன். கோபம் முழுக்க அந்தப் பொய்யின் மேல்தான். அன்றிலிருந்து எங்காவது லிஃப்ட் கெட்டுவிட்டது, வந்து பாருங்கள் என்று யார் கூப்பிட்டாலும், நிஜமாகத்தான் கூப்பிடுகிறார்களா என்று ஒரு நிமிஷம் நிற்கிறேன். பதினெட்டு வருஷத்தில் நான் அப்படி நின்றதே இல்லை.

சாவிக்கொத்து ஒரு பத்திரம் கொடுத்திருக்கிறார். தெளிவாக இருக்கும்போதே நான் எழுதி வைக்கலாம். மறுபடி உடம்பு கெட்டால் எனக்காக யார் முடிவு எடுக்கலாம், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று. ஆயில் அண்ணன் பெயரைத்தான் எழுத நினைத்தேன். நல்ல மனுஷன், ஆனால் நான் ஒரு சத்தம் போட்டால் விட்டுவிடுவார். 'மறுபடியும் போடுவேன்' என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காக உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

ஒரே நிபந்தனை. என்னிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். என்றைக்கு வருகிறாய், எதற்கு வருகிறாய், எங்கே கூட்டிப் போகப் போகிறாய், எல்லாம். நான் எந்த நிலையில் இருந்தாலும் சரி. உனக்குச் சம்மதமா?

வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அவளும் நலம். உன் கடிதத்தை என்னைவிட முதலில் படித்துவிட்டு, "உங்க அக்கா மாதிரி ஒரு மனுஷி நம்ம வீட்ல இருக்காங்களே" என்று கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அதேதான்.

சம்மதம். ஆனால் பயமாக இருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் நீ வீட்டை விட்டு ஓடிவிட்டால்? எங்காவது ஏறிவிட்டால்? அப்போது நான் சொன்ன உண்மைதானே உன்னைக் கொன்றதாக ஆகும்?

தம்பி


ஜூன் 26

சுண்டு,

சௌக்கியம். ஓடினாலும் ஓடுவேன். அடித்தாலும் அடிப்பேன். ஆயில் அண்ணனைக் கீழே நிறுத்து, டாக்டரம்மாவிடம் சொல்லிவை, தெருவையே வேண்டுமானாலும் அடைத்துக்கொள். அதையும் என்னிடம் சொல்லிவிட்டுச் செய். முழுசாக ஆபத்து இல்லாத வழி வேண்டுமென்றால் என்னை ஆயுசுக்கும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.
அக்கா


நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் கூரியரில் ஆயில் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் உன் கையில் நேராகக் கொடுப்பார். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். ஐந்து நாளாகத் தூங்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாய். நேற்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் நடந்தாய்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். சும்மா பார்க்க வரவில்லை. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்க வருகிறேன். அதே ஆஸ்பத்திரி, அதே மூன்றாம் மாடி. டாக்டரம்மாவும் ஒரு சிஸ்டரும் கூட வருவார்கள். நீ வர மாட்டேன் என்றால் உன் பத்திரத்தின்படி நான் கையெழுத்துப் போடுவேன். அதுவரை ஆயில் அண்ணன் இரவும் பகலும் உன் கூடவே இருப்பார். மாடிக் கதவைப் பூட்டியிருக்கிறார். பூட்டச் சொன்னது நான்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

உன் தம்பி


நவம்பர் 22
பெண்கள் பிரிவு, மூன்றாம் மாடி

அன்புள்ள சுண்டு,

தூக்கம் வர ஆரம்பித்துவிட்டது. கண்ணுக்குக் கீழே நான் கீறிய இடம் ஆறிவிட்டதா? சீழ் வைக்கவில்லையே?

உன் கடிதத்தைக் கிழித்து எறிந்தேன். பையில் துணி எடுத்துக்கொண்டு ஓடக் கிளம்பினேன். ஆயில் அண்ணன் வாசற்படியில் படுத்துக்கிடந்தார். பத்து மணிக்குச் சொன்னபடி வந்து தட்டினாய். நான் திறக்கவில்லை. ஒரு மணி வரைக்கும் வெளியிலிருந்தே பேசிக்கொண்டிருந்தாய். "அக்கா, நான்தான். எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்ல? திறக்கலைன்னா ஒன்றரைக்குக் கதவை உடைப்போம். உடைக்கிறது நான்தான்." உன்னை என்னென்ன பெயர் சொல்லித் திட்டினேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்னை ஒன்று மட்டும் சொல்ல முடியவில்லை. பொய்யன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடைசியில் தாழ்ப்பாளை எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

படிவத்தை என் கண் எதிரே வைத்துக் கையெழுத்துப் போட்டாய். எழுத்து கோணியது. அந்த நிலையிலும் நான், "ஒழுங்கா போடுடா, படிக்கிறவனுக்குப் புரியணும்" என்றேனாம். சாவிக்கொத்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மார்ச் மாதக் கையெழுத்துக்குச் சொல்ல வராத நன்றியை இப்போது சொல்கிறேன், இரண்டுக்கும் சேர்த்து. உன்னைப் போல ஒரு தம்பி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதற்காக நான் இங்கேயே இருக்கச் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே. என் கணக்கில் நான் தேறிவிட்டேன். வெளியே விடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்று பேர் விசாரிக்க வருகிறார்கள். சேர்த்தவன் என்ற முறையில் உன்னையும் கூப்பிடுவார்கள். நான் போக வேண்டும் என்று நான் பேசுவேன். இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நீ எனக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பேசு. அக்கா பாவம் என்று பாதியில் மாற்றிப் பேசினால் அப்புறம் உன் முகத்தில் முழிக்க மாட்டேன்.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வா.
அக்கா